வெள்ளைத் தாளும் காளான் நொதியும்



நாம் அன்றாடம் கையாளும் பொருள்களுள் காகிதம் மிகவும் பழகிப்போன ஒன்று. குழந்தையின் பள்ளி நோட்டு, ஊரிலிருந்து வரும் திருமண அழைப்பிதழ், வாரந்தோறும் வாங்கும் தமிழ்ப் பத்திரிகை ஆகிய பலவும் வெண்மையான தாளில் நம்மை வந்தடைகின்றன. ஆனால் காகிதம் பிறக்கும்போதே வெண்மையாக இருப்பதில்லை. மரத்தையோ மூங்கிலையோ வேகவைத்து எடுத்த கூழ், மளிகைக் கடையில் பொட்டலம் கட்டும் தாளைப் போலப் பழுப்பு நிறமாகவே இருக்கும். அந்தப் பழுப்பைப் போக்குவதற்குச் செய்யும் வேலைக்கு வெளுத்தல் என்று பெயர். வெண்மைக்கு நாம் கொடுத்த விலையில் ஒரு பகுதியைக் கடையில் கொடுத்தோம். மற்றொரு பகுதியை நெடுங்காலம் ஆறுகள் கொடுத்து வந்தன. அந்த இரண்டாவது விலையைக் குறைப்பதற்கு, மரத்தில் வாழும் காளான்களும் பூஞ்சணங்களும் எவ்வாறு உதவுகின்றன என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

தமிழகத்துக்கு அப்பால் வாழும் நம்மவர்க்கு இது தொலைவான செய்தியன்று. கர்நாடகத்தில் காளி ஆற்றங்கரையிலுள்ள தாண்டேலி, மகாராஷ்டிரத்தில் வர்தா ஆற்றை ஒட்டிய பல்லார்பூர், தெலங்கானாவில் காகிதத்தின் பெயரையே தன் பெயராகக் கொண்ட காகஜ்நகர் ஆகியன காகிதத்தால் பெயர் பெற்ற ஊர்கள். காகிதம் செய்வதற்கு நார் எவ்வளவு தேவையோ, அதைவிடப் பன்மடங்கு நீர் தேவை. ஆகையால் ஆலையும் ஆறும் பிரிக்க முடியாத அண்டை வீட்டார். ஆலையில் எந்தச் சரக்கைப் பயன்படுத்துகிறோம் என்பது, ஆற்றின் கீழ்ப்பகுதியில் மீன் பிடிப்பவரையும் பயிர் செய்பவரையும் பற்றிய கேள்வியாகவும் ஆகிவிடுகிறது.

மரம் எதனால் ஆனது என்பதை முதலில் பார்ப்போம். காய்ந்த மரத்தில் நூற்றுக்கு 40 முதல் 45 பங்கு வரை செல்லுலோஸ் என்னும் நார்ப்பொருள் உண்டு. பருத்தியும் ஏறத்தாழ முழுவதும் இதுவே. தாளுக்கு வலிமை தருவது இந்தச் செல்லுலோஸ்தான். அதனைச் சுற்றி ஹெமிசெல்லுலோஸ் எனப்படும் பொருள்கள் படிந்துள்ளன; அவற்றுள் இன்று நமக்கு வேண்டியது ஸைலன் என்பது. இவ்விரண்டையும் சிமெண்டுபோல் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது லிக்னின். மரத்தில் இது நூற்றுக்கு 20 முதல் 30 பங்கு வரை இருக்கும். தேக்கு நிமிர்ந்து நிற்பதும் மூங்கில் வளைந்தும் ஒடியாமல் இருப்பதும் இந்த மூன்றின் கூட்டுறவால்தான். ஆனால் காகிதம் செய்பவருக்கு லிக்னின் வேண்டாத விருந்தாளி. கூழின் பழுப்புக்கும் நாளடைவில் பத்திரிகைத் தாள் மஞ்சளாவதற்கும் அதுவே பெரும் காரணம்.

லிக்னினைக் கரைப்பதற்கு இன்று உலகெங்கும் மிகுதியாகக் கையாளப்படும் முறையை, 1879ஆம் ஆண்டில் கார்ல் டால் என்னும் ஜெர்மானிய வேதியியலார் வகுத்தார். மரச் சில்லுகளைக் காஸ்டிக் சோடாவும் சோடியம் சல்பைடும் கலந்த நீரில், சுமார் 160 அல்லது 170 டிகிரி சென்டிகிரேடு வெப்பத்தில், மூடிய கொப்பரையில் வேகவைப்பது அம்முறை. இதனால் கிடைக்கும் தாள் உறுதியாக இருப்பதால், ஜெர்மன் மொழியில் வலிமை என்று பொருள்படும் ‘கிராஃப்ட்’ என்ற சொல்லே இம்முறைக்குப் பெயராயிற்று. வேகவைத்த பின் லிக்னினில் பெரும்பகுதி கரைந்து போய்விடுகிறது. ஆயினும் கூழில் நூற்றுக்குச் சில பங்கு எஞ்சி நிற்கும். மேலும் வேகவைத்தால் அதுவும் போகலாம். ஆனால் அதோடு செல்லுலோஸும் சிதைந்து நார் வலுவிழக்கும். ஆகவே ஓர் அளவில் கொப்பரையை நிறுத்திவிட்டு, மிச்சத்தை வெளுப்புச் சரக்கிடம் ஒப்படைக்க வேண்டியிருக்கிறது.

நம் நாட்டு வெளுப்பு முறை நமக்குத் தெரியும். உவர்மண்ணில் துணியை ஊறவைத்து, வெள்ளாவிப் பானையில் ஆவியில் அவித்து, ஆற்றில் அலசி, வெயிலில் விரிப்பார்கள். காரமும் வெப்பமும் சூரிய ஒளியும் சேர்ந்து அழுக்கையும் நிறத்தையும் போக்கின. ஐரோப்பாவிலும் லினன் துணியை வாரக்கணக்கில் புல்வெளியில் விரித்தே வெளுத்தனர். 1774ஆம் ஆண்டில் ஸ்வீடன் நாட்டு ஷீலே என்பவர் குளோரின் வாயுவைக் கண்டறிந்தார். 1785இல் பிரான்ஸைச் சேர்ந்த பெர்தொலே அந்த வாயு நிறத்தைப் போக்கும் என்பதைக் காட்டினார். 1799இல் ஸ்காட்லாந்தில் டெனன்ட் என்பவர் அதனைச் சுண்ணாம்புடன் சேர்த்துத் தூளாக்கி விற்கும் உரிமை பெற்றார். அதுவே நாம் அறிந்த பிளீச்சிங் பவுடர். வாரக்கணக்கான வேலை மணிக்கணக்கில் முடியலாயிற்று. பின்னர்க் காகித ஆலைகளும் குளோரினையே நம்பின.

குளோரின் லிக்னினை விரைவாகத் தாக்கும். தாக்கியபின் அதனோடு ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அவ்வாறு உண்டாகும் குளோரின் ஏறிய கரிமப் பொருள்கள் எண்ணிறந்தவை. அவை கழிவு நீரோடு ஆற்றில் சேர்ந்தன. அவற்றுள் மிகச் சிறிய அளவில், ஆனால் மிகவும் அஞ்சத்தக்கதாக, டையாக்சின் என்னும் இனம் இருந்தது. அது எளிதில் அழியாது. நீரில் கரையாமல் கொழுப்பில் தங்கும். ஆகையால் சிறு புழுவிலிருந்து மீனுக்கும், மீனிலிருந்து அதனை உண்பவருக்கும் ஏறி, ஒவ்வொரு படியிலும் செறிவு மிகும். 1980களில் அமெரிக்காவில் நடந்த ஆய்வுகளில், காகிதக்கூழ் ஆலைகளுக்குக் கீழே ஆறுகளில் பிடித்த மீன்களில் டையாக்சின் காணப்பட்டது. இவ்வினத்தில் மிகக் கொடியதான ஒன்றை, மனிதருக்குப் புற்றுநோய் விளைப்பது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 1997இல் வகைப்படுத்தியது. ஒரு பக்கத்தின் வெண்மைக்காக ஒரு மீனவர் குடும்பத்தின் உணவில் நஞ்சு சேரலாமா என்னும் கேள்வி, அதன்பின் தவிர்க்க முடியாததாயிற்று.

இந்த நிலையில்தான் காளான்களிடம் பாடம் கேட்க வேண்டிய காலம் வந்தது. காட்டில் விழுந்த மரம் யாரும் வேகவைக்காமலே, குளோரின் ஊற்றாமலே, சில ஆண்டுகளில் வெளுத்து மக்குவதை நாம் காண்கிறோம். பட்டைமேல் விசிறிபோல் வளரும் சில காளான்கள் லிக்னினைத் தின்று, நாரை வெண்மையாக விட்டு வைக்கின்றன. இதனை வெள்ளை மக்கல் என்பர். காளானுக்கு வாயும் பல்லும் இல்லை. அது தன் மெல்லிய இழைகளிலிருந்து நொதிகளை வெளியே சுரந்து, உணவை வெளியிலேயே செரிக்கச் செய்து, பின்னர் உறிஞ்சிக்கொள்கிறது.

நொதி என்பது யாது? ஆங்கிலத்தில் என்ஸைம் என வழங்கும் இது, உயிருள்ளவை உண்டாக்கும் புரதம். ஆனால் தானே உயிருள்ளதன்று. ஒரு வேதிமாற்றத்தை விரைவுபடுத்திவிட்டு, தான் செலவாகாமல் அடுத்த வேலைக்குப் போய்விடும். அதன் சிறப்பு வேகம் மட்டுமன்று. ஆள் அறிந்து வேலை செய்வதும் ஆகும். சோற்றை நன்றாக மென்றால் இனிக்கிறது. உமிழ்நீரிலுள்ள நொதி மாவுப்பொருளைச் சர்க்கரையாக வெட்டுவதே காரணம். பருத்தி நூலை எவ்வளவு நேரம் மென்றாலும் இனிக்காது. மாவுப்பொருளும் பருத்தியும் ஒரே வகைச் சர்க்கரையின் தொடர்கள்தாம். ஆயினும் இணைப்பின் வடிவம் வேறு. அந்தச் சிறு வேறுபாட்டையும் நொதி பிரித்தறிகிறது. கறியை மிருதுவாக்க நாம் பப்பாளிக்காயைச் சேர்க்கிறோமே, அதிலுள்ள நொதி புரதத்தை வெட்டும்; மாவுப்பொருளைத் தொடாது. நஞ்சற்றது என்பதைக் காட்டிலும், எதை விட்டுவிட வேண்டும் என்று அறிந்தது என்பதே காகிதத் தொழிலுக்கு நொதியின் பெருமை. குளோரினுக்கு அந்தத் தெளிவு இல்லை.

1986ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோமில் கூடிய ஒரு மாநாட்டில், பின்லாந்தைச் சேர்ந்த லீசா வீக்காரி என்பவரும் அவருடைய தோழர்களும் ஒரு முடிவை அறிவித்தனர். கூழை வெளுக்கும் முன்பு, ஹெமிசெல்லுலோஸை வெட்டும் நொதியோடு சிறிது நேரம் கலந்து வைத்தால், பின்னர்க் குளோரின் குறைவாகவே போதும் என்பது அம்முடிவு. இதில் வியப்பு என்னவெனில், அந்த நொதி லிக்னினைத் தொடுவதே இல்லை. அது வெட்டுவது ஸைலனை. அதற்கு ஸைலனேஸ் என்று பெயர். நிறத்தைத் தொடாத பொருள் நிறம் போவதற்கு எப்படி உதவும்?

விடை கொப்பரையில் நடப்பதிலே இருக்கிறது. வேகத் தொடங்கும்போது மரத்திலுள்ள ஸைலனில் ஒரு பகுதி காரநீரில் கரைகிறது. வேகும் வேலை முடியும் தறுவாயில் காரம் குறையவே, கரைந்த ஸைலனில் ஒரு பங்கு மீண்டும் நாரின்மேல் மெல்லிய பூச்சாகப் படிகிறது. எஞ்சிய லிக்னின் அந்தப் பூச்சுக்கு அடியில் சிக்கிக்கொள்கிறது. சில இடங்களில் ஸைலனோடு பிணைந்தும் கிடக்கிறது. ஸைலனேஸ் இந்தப் பூச்சை அங்கங்கே வெட்டித் திறந்துவிடுகிறது. வழி திறந்தபின், வெளுப்புச் சரக்கு உள்ளே செல்வதும் கரைந்த லிக்னின் வெளியே வருவதும் எளிதாகின்றன. எனவே நொதி தானே வெளுப்பதில்லை. வெளுப்பவர்க்கு வழி விடுகிறது. இதனை முன்வெளுப்பு என்று சொல்வதே பொருந்தும்.

ஆலையில் இது நடைபெறும் விதம் எளியது. கழுவிய பழுப்புக் கூழில், ஒரு டன்னுக்குச் சில நூறு கிராம் நொதிக் கரைசலைச் சேர்த்து, கூழைத் தேக்கி வைக்கும் கோபுரத்தில் ஒன்று முதல் மூன்று மணி வரை விடுகிறார்கள். புதிய பெரிய இயந்திரம் வேண்டியதில்லை. அதன்பின் வழக்கமான வெளுப்பு நடைபெறும். கூழின் வகைக்கும் ஆலையின் முறைக்கும் ஏற்ப, குளோரின் சரக்குகளில் நூற்றுக்கு 10 முதல் 25 பங்கு வரை மிச்சமாகும். 1990களில் ஐரோப்பாவிலும் கனடாவிலும் ஆலைகள் இதனைக் கையாளத் தொடங்கின.

இந்த ஸைலனேஸைத் தரும் பூஞ்சணங்களுள் புகழ்பெற்ற ஒன்றுக்குச் சுவையான வரலாறு உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது, பசிபிக் பெருங்கடலில் சாலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்த பூகன்வில் தீவில், அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்கள் மக்கிக் கந்தலாயின. அழிவுக்குக் காரணமான பூஞ்சணத்தைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். அதனை நெடுங்காலம் ஆராய்ந்த எல்வின் ரீஸ் என்பவரின் நினைவாக, 1977இல் அதற்கு டிரைக்கோடெர்மா ரீஸி என்று பெயர் வழங்கப்பட்டது. கூடாரத்தை அரித்த அதே பூஞ்சணம், பிற்காலத்தில் நொதித் தொழிலின் உழைப்பாளியாயிற்று.

ஆனால் இங்கேயே எச்சரிக்கையும் அடங்கியிருக்கிறது. கூடாரத்தை அரித்தது அதனிடமுள்ள செல்லுலேஸ் என்னும் நொதி. அது செல்லுலோஸையே வெட்டுவது. கூழில் அது சிறிது கலந்தாலும் நாரின் வலிமை குன்றும்; தாள் எளிதில் கிழியும். ஆகையால் ஸைலனேஸை மட்டும் பிரித்தெடுக்க வேண்டும். அல்லது செல்லுலேஸ் சுரக்காதவாறு பூஞ்சணத்தின் மரபணுக்களை மாற்றி வளர்க்க வேண்டும். வெட்டும் திறன் மிக்க நொதியைக் காட்டிலும், வெட்டாமல் விடும் ஒழுக்கம் மிக்க நொதியே இங்கு வேண்டப்படுவது.

வேறு இடையூறுகளும் இருந்தன. பூஞ்சண நொதிகள் பொதுவாகச் சற்றுப் புளிப்பான நீரிலும், சுமார் 50 டிகிரி வெப்பத்திலும் நன்கு வேலை செய்பவை. கழுவி வரும் கூழோ காரம் நிறைந்தது, அதைவிடச் சூடானது. தொடக்கத்தில் அமிலம் சேர்த்துக் காரத்தைத் தணித்து, கூழைக் குளிரவைத்தே நொதியைச் சேர்த்தார்கள். பின்னர், வெப்பத்தை விரும்பும் பூஞ்சணங்களிலிருந்தும் பாக்டீரியாக்களிலிருந்தும் நொதிகள் எடுக்கப்பட்டன. புரதத்தின் கட்டமைப்பில் சில கண்ணிகளை மாற்றி, அதிக வெப்பத்தையும் காரத்தையும் தாங்கும் நொதிகளையும் உண்டாக்கினர். இன்னொரு செய்தியையும் மறைக்கலாகாது. வெட்டுண்ட ஸைலன் சர்க்கரையாகக் கழிவு நீரில் சேர்கிறது. ஆகவே கூழின் அளவு சிறிது குறையும். கழிவு நீரைத் தூய்மை செய்யும் வேலை சிறிது கூடும். எனினும் இச்சர்க்கரையை நுண்ணுயிர்கள் எளிதில் உண்டு தீர்த்துவிடும். டையாக்சினை அவ்வாறு எளிதில் தீர்க்க இயலாது. இரண்டு சுமைகளுள் எது இலேசானது என்பதில் ஐயமில்லை.

லிக்னினையே நேரே தாக்கும் நொதிகள் இல்லையா என்று நேயர்கள் கேட்கலாம். உண்டு. 1883இல் ஜப்பானியரான யோஷிடா, அரக்குப் பூச்சுக்குப் பயன்படும் மரத்தின் பாலில், அதனைக் கறுத்து உறையச் செய்யும் ஒரு பொருளைக் கண்டார். அது பின்னர் லாக்கேஸ் எனப் பெயர் பெற்று, காளான்களிடத்தும் காணப்பட்டது. 1983இல், வெள்ளை மக்கலை உண்டாக்கும் ஒரு காளானிடமிருந்து, லிக்னினைப் பிளக்கும் பெராக்ஸிடேஸ் நொதியை அமெரிக்காவில் இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியே கண்டறிந்தன. அடுத்து, மாங்கனீஸின் துணையோடு வேலை செய்யும் மற்றொரு பெராக்ஸிடேஸும் தெரியவந்தது. இவை பருமனான மூலக்கூறுகள். நாரின் நுண்ணிய துளைகளுக்குள் அவை புக முடிவதில்லை. காளானே மாங்கனீஸ் போன்ற சிறிய தூதர்களை உள்ளே அனுப்பித்தான் காரியத்தை முடித்துக்கொள்கிறது. 1990இல் கனடாவில் ஆய்வாளர் இருவர், லாக்கேஸுக்கும் செயற்கையான ஒரு தூதுப்பொருள் கொடுத்தால் அது லிக்னினைத் தாக்கும் என்று காட்டினர். ஆனால் அத்தகைய பொருள்களின் விலையும் அவற்றை மீட்டெடுக்கும் தொல்லையும் இம்முறையை ஆய்வுக்கூடத்தைத் தாண்டிப் பரவவிடவில்லை. உயிருள்ள காளானையே கூழில் வளர்த்தால் வெண்மை வரும்; ஆனால் பல நாட்கள் காத்திருக்க வேண்டும். ஆலை மணிக்கணக்கில் ஓடுவது. ஆகவே நேரே வெளுக்கும் நொதிகளை விட, வழி திறக்கும் ஸைலனேஸே இன்றுவரை பெரும்பயன் தந்து வருகிறது.

நம் நாட்டுக்கு இதில் தனியான பொருத்தம் உண்டு. வட நாடுகளில் பைன் போன்ற ஊசியிலை மரங்கள் மிகுதி. அவற்றில் ஸைலன் குறைவு. நம் ஆலைகள் பயன்படுத்தும் யூகலிப்டஸ், மூங்கில், கோதுமை வைக்கோல், கரும்புச் சக்கை ஆகியவற்றில் ஸைலன் மிகுதி. எனவே ஸைலனேஸுக்கு இங்கே வேலையும் மிகுதி. ஸஹாரன்பூரிலுள்ள மத்திய கூழ் காகித ஆராய்ச்சி நிறுவனம் இந்நாட்டுக் கூழ்களில் நொதி முன்வெளுப்பை ஆராய்ந்துள்ளது. சட்டமும் அதே திசையில் நகர்ந்தது. 2003இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொழில்துறையோடு வகுத்த சாசனத்தில், ஒரு டன் காகிதத்துக்கு வெளியேறும் குளோரின் கரிமக் கழிவு இரண்டு ஆண்டுகளில் 1.5 கிலோவாகவும், ஐந்து ஆண்டுகளில் 1 கிலோவாகவும் குறைய வேண்டும் என வரையறுக்கப்பட்டது. அழியா நஞ்சுகளைப் பற்றி 2001இல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கை, குளோரின் வாயுவால் கூழை வெளுப்பதை டையாக்சின் பிறக்கும் முக்கிய வழிகளுள் ஒன்றாகக் குறிப்பிடுகிறது. அதனை இந்தியா 2006இல் ஏற்றது.

குளோரின் வாயுவுக்குப் பதிலாகப் பல ஆலைகள் குளோரின் டையாக்ஸைடுக்கு மாறியுள்ளன. அது லிக்னினோடு ஒட்டிக்கொள்வது மிகக் குறைவு. ஆகவே டையாக்சினும் மிகக் குறைவு. ஆனால் அது நிலையற்ற வாயு. தொலைவிலிருந்து கொண்டுவர முடியாது. ஆலையிலேயே உற்பத்தி செய்ய வேண்டும். அதற்கான நிலையம் விலையுயர்ந்தது. சிறிய நிலையம் உடைய ஆலை, நொதியின் துணையால் அந்தக் குறைந்த அளவைக் கொண்டே தன் கூழை வெளுத்துக்கொள்ள முடிகிறது. சிற்றாலைகளும் தூய்மையான முறைக்கு மாற இது கைகொடுக்கும்.

இறுதியாக, வாங்குபவராகிய நமக்கும் இதில் பங்கு உண்டு. கூழை ஓரளவு வெண்மையாக்குவது எளிது. கடைசிச் சில பங்கு வெண்மைதான் மிகுதியான சரக்கை விழுங்குகிறது. நம் முன்னோர் பல நூற்றாண்டுக் காலம் பழுப்பு நிறப் பனையோலையில் எழுதிப் படித்தனர். ஓலையின் நிறத்தால் எழுத்தின் அருமை குறைந்ததில்லை. கணக்கெழுதும் நோட்டும், கடையில் தரும் பையும், பெட்டியின் உறையும் பால்போல் வெளுத்திருக்க வேண்டிய கட்டாயமில்லை. காளான் நொதி குளோரினை ஓரளவு குறைக்கும். நம் விருப்பத்தை நாமே சிறிது குறைத்துக்கொண்டால், அந்தக் குறைவு இருமடங்காகும்.

காட்டில் காளான் அவசரமின்றிச் செய்யும் வேலையிலிருந்து ஒரு துளியை மனிதன் ஆலைக்குக் கொண்டுவந்திருக்கிறான். அதனால் ஆற்றின் துன்பம் முழுவதும் தீர்ந்துவிடவில்லை, ஆயினும் குறைந்திருக்கிறது. நாம் வாழும் மாநிலம் எதுவாயினும், அங்குள்ள ஆறு நமக்கும் நம் அண்டை வீட்டாருக்கும் பொதுவானது. அதன் நீரைக் கெடுக்காமல் வந்த தாளில் நம் குழந்தைகள் எழுதிப் பழகுவார்களாக.